கைமாறும் இருக்கை: ‘என் சரித்திர’த்தில் கல்லூரி ஆசிரியப் பணிக்கான பயிற்சிக்காலம்

ஆய்வுச் சுருக்கம்

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ குருபக்தியின் ஆவணமாகவோ ஏடு தேடிய வரலாறாகவோ வாசிக்கப்பட்டு வருகிறது. அந்நூலில் 1871 முதல் 1880 வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் பகுதிகளை, ஓர் இளைஞர் வழிகாட்டிகளின் கண்காணிப்பில் அரசுக் கல்லூரி ஆசிரியப் பணிக்கு ஆயத்தமான காலத்தின் பதிவாக இக்கட்டுரை அணுகுகிறது. அப்பயிற்சி எவற்றை அளித்தது, எவற்றை அளிக்கவில்லை, அதன் வாயில் எவருக்குத் திறந்திருந்தது என்னும் வினாக்கள் இன்றைய இளங்கலை உள்ளகப் பயிற்சி பற்றிய விவாதத்தோடு இணைத்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: என் சரித்திரம், உ.வே. சாமிநாதையர், தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரி, உள்ளகப் பயிற்சி, வழிகாட்டி, தன்வரலாறு

சிக்கலின் களம்

இந்தியாவில் பள்ளி ஆசிரியராக விரும்பும் ஒருவர் கல்வியியல் பட்டம் பெறவேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி அப்பட்டத்திற்குள் 20 வாரப் பள்ளிப் பயிற்சி அடங்கும். மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பயிற்சி ஆசிரியரின் பாடத்தைக் கேட்டுக் குறிப்பெழுதுவது அப்பயிற்சியின் இயல்பான காட்சி. கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்கு இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. முதுகலைப் பட்டமும், 1989 இல் தொடங்கிய தேசியத் தகுதித் தேர்வின் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். அத்தகுதித் தேர்வும் 2012 ஜூன் முதல் முழுமையும் கொள்குறி வினாக்களாக மாறிவிட்டது. ஒரு செய்யுளுக்கு மாணவர் முன்னிலையில் பொருள் சொல்லிக் காட்டாமலே, ஏன், ஒரு பத்தியைக்கூட எழுதிக் காட்டாமலே, தமிழ் கற்பிக்கும் தகுதிச் சான்றிதழை ஒருவர் பெற்றுவிட முடிகிறது. கற்பித்தல் குறித்த புத்தொளிப் பயிற்சிகள் பணியில் சேர்ந்த பின்னரே வருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு முனைவர் பட்ட நெறிமுறைகள், ஆய்வாளர்கள் கற்பித்தலில் பயிற்சி பெறவேண்டும் என்று கூறுவதோடு, வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் வரை அவர்களுக்குக் கற்பித்தல் உதவிப் பணி அளிக்கலாம் என்றும் கூறுகின்றன. அப்பணியை அருகிருந்து பார்த்துத் திருத்தும் மூத்தவர் யார் என்பது துறைகளின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது.

இளங்கலை நிலையில் நிலைமை இன்னும் விந்தையானது. மானியக் குழு 2024 இல் வெளியிட்ட உள்ளகப் பயிற்சி வழிகாட்டுதல்கள் வேலைவாய்ப்புத் திறன், ஆய்வு மனப்பான்மை என இரு நோக்கங்களை வகுத்துக்கொள்கின்றன. கல்லூரி ஆசிரியப் பணியே ஒரு வேலை என்பதும், அதற்கும் இளமையிலேயே வழிகாட்டியுடன் கூடிய பயிற்சி தேவைப்படலாம் என்பதும் இப்பகுப்பில் தனி இடம் பெறவில்லை. தமிழ் இளங்கலை பயிலும் மாணவர் அச்சகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ ஊடக நிறுவனத்திற்கோ பயிற்சிக்குச் செல்வது எளிதாகக் கற்பனை செய்யக்கூடியதாக இருக்கிறது. தம் ஆசிரியரின் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை உள்ளிருந்து அறியச் செல்வது அவ்வாறு இல்லை.

இச்சூழலில் ‘என் சரித்திர’த்தைத் திரும்பப் படிப்பது பயனுடையது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் 1942 இல் நின்று, 1950 இல் நூல்வடிவம் பெற்ற இத்தன்வரலாறு 122 அத்தியாயங்களைக் கொண்டது. சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குள் நுழைவது நூலின் நடுப்பகுதியைக் கடந்த பின்புதான். அதற்கு முன்னுள்ள பகுதி முழுவதும் ஆயத்தமே. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புலவர்களின் புரவலர் சார்ந்த வாழ்வைச் சாஸ்கா எபெலிங் 2010 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ் இலக்கியப் பண்பாட்டின் உருவாக்கத்தில் சாமிநாதையரின் தன்வரலாறு பெறும் இடத்தை நார்மன் கட்லர் காட்டியுள்ளார். இருவரின் அக்கறையும் இலக்கியம் எவ்வாறு மாறியது என்பதில் நிலைகொள்கிறது. ஒருவர் எவ்வாறு அரசு ஊதியம் பெறும் ஆசிரியராக ஆனார் என்னும் எளிய வினா ஓரளவு ஒதுங்கியே நிற்கிறது.

தளிர்களை எண்ணிய மாணவர்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருவதற்கு முன்பே சாமிநாதையர் பல ஆசிரியர்களைக் கண்டவர். அரியலூர்ச் சடகோபையங்கார், கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோர் தத்தமக்குத் தெரிந்த அளவு கற்பித்துவிட்டு அடுத்த வாயிலைக் காட்டினர். காரிகை கற்பித்த ரெட்டியார், இனி மகாவித்துவானிடமே செல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பிய இடம் கருதத்தக்கது. தம் எல்லையை அறிந்து மாணவரை விடுவித்தல் வழிகாட்டியின் முதற்கடமை என்பதை அப்பகுதி வாதமாக எதையும் சொல்லாமலே நிறுவிவிடுகிறது.

1871 இல் மாயூரத்தில் நிகழும் சேர்க்கையும் எளிதில் முடிவதில்லை. வருவோர் சில காலம் இருந்துவிட்டுப் போய்விடுவதைப் பலமுறை கண்டவர் பிள்ளை. புதியவரை உடனே தம் நேரடி மாணவராக ஏற்காமல், மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கச் செய்கிறார். கிறித்தவரான சவேரிநாதர் சைவப் பெரும்புலவரின் அணுக்க மாணவராக இருந்ததும், அந்தண இளைஞர் ஒருவருக்கு அவரே முதற்பாடம் சொன்னதும் அக்காலச் சூழலில் சிறிய செய்திகள் அல்ல. பிள்ளையின் மாணவர் குழாம் ஒரே ஆசிரியர், பல மாணவர் என்னும் தட்டையான அமைப்பாக இருக்கவில்லை என்பது இங்கே வெளிப்படுகிறது. கற்றவர் கற்பவருக்குச் சொல்லும் அடுக்குமுறை அது. பணிப்பயிற்சி என்று இன்று பேசப்படுவதன் முதற்படி, ஒருவகையில், சவேரிநாதருக்குத்தான் வாய்த்திருக்கிறது.

இளைஞருக்கு இது நிறைவளிக்கவில்லை. ஆசிரியரிடமே நேரடியாகப் பாடம் கேட்கவேண்டும் என்னும் வேட்கையால் அவர் கண்டுபிடித்த வழி இந்நூலின் மறக்கவியலாத பகுதிகளுள் ஒன்று. பிள்ளை தம் புதிய வீட்டின் தோட்டத்தில் வைத்த மரங்கள் துளிர்க்கின்றனவா என்று நாள்தோறும் விடியலில் சென்று பார்ப்பார். சாமிநாதையர் அவருக்கு முன்பே எழுந்து சென்று புதிய தளிர்கள் எங்கெங்கே அரும்பியுள்ளன என்பதைக் கண்டுவைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் அவற்றைக் காட்டுவார். பேச்சு வளரும். அப்பேச்சினூடே பாடம் கேட்கும் வாய்ப்பு பிறந்தது. இக்காட்சியை ஆர்வத்தின் எடுத்துக்காட்டாக மட்டும் காண்பது வழக்கம். சற்று உற்றுநோக்கினால் வேறொன்றும் புலப்படும். வழிகாட்டியின் கவனம் ஓர் அரும்பொருளாக இருந்தது. அதனைப் பெறும் உத்தி மாணவரின் பொறுப்பாக இருந்தது. விடியலில் எழுந்து தோட்டத்தில் நிற்கும் ஓய்வும், அந்த வீட்டுக்குள் தடையின்றி வந்துபோகும் தகுதியும் உடையவருக்கே அவ்வுத்தி கைகூடும்.

வழிகாட்டியின் விருப்புவெறுப்புகளும் மாணவரின் எல்லைகளாக மாறின. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கிய சாமிநாதையர், பிள்ளைக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் அதனைக் கைவிட்டார். இசைவாணர் வேங்கடசுப்பையரின் மகன் அவர் என்பதை நினைவில் கொண்டால் இழப்பின் அளவு புரியும். நூலாசிரியர் இதனைக் குறையாகச் சொல்வதில்லை. குறையாகச் சொல்லாமல் விடுவது இந்நூலின் பொதுவான போக்கு. ஆய்வாளர் அப்போக்கைத் தாமும் பின்பற்றவேண்டிய தேவை இல்லை.

கற்றுக்கொண்டே கற்பித்தல்

1876 இல் பிள்ளை மறைந்தபின் சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிய நான்காண்டுகள் பொதுவாக இரு பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியாகக் கருதப்படுகின்றன. ஆசிரியரின் மறைவு ஒரு புறம், கல்லூரிப் பணி மறுபுறம். பயிற்சிக்காலம் என்னும் நோக்கில் பார்த்தால் இதுவே மையப்பகுதி. சுப்பிரமணிய தேசிகர் அவருக்குத் தாமே பாடம் சொன்னார். அதே வேளையில் மடத்துத் தம்பிரான்களுக்கும் பிற மாணவர்களுக்கும் அவரைப் பாடம் சொல்லச் செய்தார். காலையில் கேட்பவராகவும் பின்னர்ச் சொல்பவராகவும் ஒருவர் இருந்தார். சொல்வதைக் கேட்கும் தொலைவிலேயே தேசிகர் இருந்தார். மடத்திற்கு வரும் வித்துவான்களும் பிரபுக்களும் இளைஞரின் புலமையை அறியும் வாய்ப்பும் அங்கே அமைந்தது.

இவ்வமைப்பின் நுட்பம் பொறுப்பின் அளவில் உள்ளது. தம்பிரான்கள் உண்மையான மாணவர்கள்; அவர்களுக்குச் சொல்லும் பாடமும் உண்மையான பாடம். பிழை நேர்ந்தால் அறிந்து திருத்த மூத்தவர் உண்டு. பிழையால் வாழ்க்கை கெட்டுவிடும் நிலையும் இல்லை. வேலை உண்மையானதாகவும் ஆபத்து சிறியதாகவும் இருக்கும் இடமே நல்ல பயிற்சிக் களம். மேலைப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்கள் இளங்கலை வகுப்புகளின் சிறு குழுக்களுக்குப் பாடம் நடத்தும் வழக்கம் இதே தருக்கத்தின் மேல் நிற்கிறது.

ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். மடத்தில் கற்றோர் கல்வியின் பொருட்டே கற்றோர். ஓராண்டு முடிவில் தேர்வு, அதன்வழிப் பட்டம், பட்டத்தால் உத்தியோகம் என்னும் வரிசை அவர்களுக்கு இல்லை. கும்பகோணத்தில் காத்திருந்த மாணவர்களோ அவ்வரிசையில் நின்றவர்கள். அவர்களுக்குத் தமிழ் பல பாடங்களுள் ஒன்று. அதுவும் ஆங்கிலத்தின் நிழலில் இருந்த பாடம். திருவாவடுதுறை தந்த பயிற்சி பாடப்பொருளில் ஆழமானது. அப்பாடத்தை விரும்பாத ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வகுப்பை எதிர்கொள்ள அது கற்றுத்தரவில்லை.

இருக்கை கைமாறிய விதம்

1854 இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசு நிறுவனத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையின் மாணவரே. உடல்நலம் குன்றியதால் 1880 இல் ஓய்வுபெற முடிவு செய்த அவர், தம் இடத்திற்குச் சாமிநாதையரைக் கொண்டுவரத் திருவாவடுதுறைக்கு வந்தார். தேசிகருக்கு முதலில் அனுப்ப மனமில்லை. மடத்தின் கல்விக்கு அவ்விளைஞர் தேவைப்பட்டார். செட்டியாரின் வற்புறுத்தலே இறுதியில் வென்றது.

இங்கு மூன்று தலைமுறைகளின் பொருளாதாரம் ஒரே காட்சியில் அடங்கியிருக்கிறது. 1815 இல் பிறந்த பிள்ளை புரவலர்களின் பரிசிலாலும் மடத்தின் ஆதரவாலும் வாழ்ந்தவர். கடன் அவரை இறுதிவரை விடவில்லை. புராணங்களைப் பாடி அரங்கேற்றிப் பெற்ற சன்மானங்கள் கையில் தங்கவில்லை. அவர் மாணவர் செட்டியார் மாத ஊதியம் பெற்றார். செட்டியார் அந்த ஊதியத்தைத் தம் ஆசிரியரின் கடைசித் தலைமுறை மாணவருக்குக் கைமாற்றினார். பரிசிலிலிருந்து சம்பளத்திற்கு நகர்வது என்பது தமிழ்ப் புலமை வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம். அம்மாற்றம் சட்டங்களாலும் கல்வித் துறை ஆணைகளாலும் மட்டும் நிகழ்ந்துவிடவில்லை. மாதச் சம்பளம் எத்தகைய விடுதலை என்பதைத் தம் ஆசிரியரின் கடன்களைக் கண்டு அறிந்தவர்களால் அது நடத்தப்பட்டது.

செட்டியாரின் சொல்லோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பது கவனத்திற்குரியது. கல்லூரித் தலைவர் கோபாலராவும் ஆசிரியர் சிலரும் சாமிநாதையரைச் சோதித்தனர். பாடல்களுக்குப் பொருள் சொல்லவும் உடனடியாகச் செய்யுள் இயற்றவும் அவர் வேண்டப்பட்டார். அவற்றில் தேறிய பின்னரே, ஏறத்தாழ 25 வயதில், 1880 பிப்ரவரியில் பணியேற்றார். பூட்டுக்கு இரு சாவிகள் இருந்தன எனலாம். ஒன்று, பல்லாண்டுகள் ஒருவரை அறிந்த மூத்தவரின் உறுதிமொழி. மற்றொன்று, அவரை அறியாத நிறுவனத்தின் நேர்முகச் சோதனை. இரண்டில் எது இல்லாவிடினும் கதவு திறந்திருக்காது. தன்வரலாறு முதற்சாவியையே பெரிதும் போற்றுகிறது. செட்டியாரின் அன்பு பல பக்கங்களில் நிறைந்து நிற்க, கல்லூரியின் சோதனை ஒரு வெற்றிக் காட்சியாகக் கடந்துவிடுகிறது. பொது நிறுவனம் ஒன்றின் நோக்கில் இரண்டாவது சாவிக்கே எடை கூடுதல். ஆனால் அச்சோதனையும் கற்பித்தலைச் சோதித்தது என்பதை மறத்தலாகாது. பாடல் தரப்பட்டது, பொருள் சொல்லுமாறு கேட்கப்பட்டது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்கப்படவில்லை.

செட்டியார் தம் உறுதிமொழிக்கு ஈடாக எதை வைத்தார் என்பதும் ஆராயத்தக்கது. பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நற்பெயரை ஓர் இளைஞரின் மேல் பந்தயமாக வைத்தார். புதியவர் தோற்றால் தோல்வி செட்டியாருடையதாகவும் ஆகும். இன்றைய பயிற்சி முறைகளில் வழிகாட்டி மணிக்கணக்கைச் சான்றளித்துக் கையொப்பமிடுகிறார். அக்கையொப்பத்தால் அவர் இழக்கக்கூடியது ஏதுமில்லை. சான்றிதழ்களின் மதிப்புக் குறைவுக்குத் தாள்களின் பெருக்கத்தைக் காரணம் காட்டுவது எளிது. கையொப்பமிடுபவர் எதையும் பணயம் வைக்காமையே உண்மைக் காரணமாகலாம்.

வரிசையில் நில்லாதவர்

இவ்வளவும் சொன்னபின், இக்கைமாற்றத்தை முன்மாதிரியாக ஏந்திக்கொள்ளும் ஆசையை இந்நூலே தடுக்கிறது. அரசு ஊதியம் வழங்கும் இருக்கையொன்றின் எதிர்காலம் ஒரு மடத்தின் உள்ளறையில் இருவர் பேசி முடிவு செய்யப்படுகிறது. மாணவர் பரம்பரை என்னும் உறவு உச்சியில் சாதி எல்லையைக் கடந்தது உண்மை. வேளாளரான பிள்ளையிடம் அந்தணர் கற்றார், கிறித்தவர் கற்றார், புதுவைச் சவராயலு நாயகரும் கற்றார். செட்டியார் என்னும் அந்தணரல்லாத ஆசிரியர் அந்தண இளைஞர் ஒருவரைத் தம் இடத்தில் அமர்த்தினார். ஆயினும் மாயூரத்திலும் பட்டீச்சுரத்திலும் சாமிநாதையரின் உணவுக்காக மேற்கொள்ளப்பட்ட தனி ஏற்பாடுகளை நூல் எவ்விதத் தயக்கமுமின்றிப் பதிவு செய்கிறது. உண்ணும் இடத்தைப் பற்றிய கவலை கற்கும் இடத்தைப் பற்றிய கவலைக்கு இணையாக அப்பக்கங்களில் வருகிறது. அவ்வேற்பாடுகளுக்கு வழியற்றவர், அல்லது அத்தெருக்களுக்குள் நுழையவே உரிமையற்றவர், எவ்வளவு தளிர்களை எண்ணினாலும் அத்தோட்டத்தை அடைந்திருக்க முடியாது. பெண்கள் இவ்வரிசையில் எங்கும் இல்லை. நூலாசிரியர் அவர்கள் இல்லாததைக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடத் தோன்றாத அளவுக்கு அது இயல்பாக இருந்தது.

ஆகவே இங்கே இரண்டு தவறான முடிவுகள் காத்திருக்கின்றன. தேர்வுகள் வந்ததால் குருகுலம் அழிந்தது, அதனால் கற்பித்தல் சீர்கெட்டது என்று புலம்புவது ஒன்று. பரிந்துரை என்பதே ஊழலின் வேறு பெயர், ஆகவே வழிகாட்டியின் தனிப்பட்ட மதிப்பீட்டுக்கு எவ்விடமும் தரக்கூடாது என்று முழங்குவது மற்றொன்று. முதல் முடிவு தேர்வுகள் யாருக்குக் கதவைத் திறந்தன என்பதை மறக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இன்று தமிழ்த்துறைகளில் இருப்பதற்கு முகம் பாராத எழுத்துத் தேர்வுகளுக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. இரண்டாம் முடிவு தேர்வு எதைச் சோதிக்காமல் விடுகிறது என்பதை மறக்கிறது. இன்றைய சூழலில் இவ்விரண்டின் குறைகளும் ஒருங்கே சேர்ந்த ஓர் உருவம் தமிழக அரசுக் கல்லூரிகளில் காணக்கிடைக்கிறது. அது கௌரவ விரிவுரையாளர் பணி. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்படும் அப்பணியில் முழு வகுப்பின் சுமையும் உண்டு. பாடத்தைக் கேட்டுத் திருத்தும் மூத்தவர் இல்லை. காலம் முடிந்தபின் இருக்கை கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை. மானியக் குழு 2019 இல் கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என மதிப்பூதியத்தை வரையறுத்தது. தொகை குறித்த வாதங்கள் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. பயிற்சி என்னும் கோணத்தில் இதனை எவரும் வாதிட்டதாகத் தெரியவில்லை. முடிவுறாத பயிற்சிக்காலம் போல் தோன்றும் இது உண்மையில் பயிற்சியே இல்லாத காலம். சாமிநாதையர் மடத்தில் கழித்த நான்காண்டுகளோடு இதனை ஒப்பிடும்போது, ஊதியத்தைவிடவும் கேட்கும் தொலைவில் ஒரு தேசிகர் இல்லாமை பெரிதாகத் தோன்றுகிறது.

இளங்கலை மாணவருக்கான பயிற்சி எங்கே தொடங்கலாம் என்பதற்கு இந்நூலிலிருந்து ஒரு சிறு குறிப்பை எடுக்க முடியும். சவேரிநாதர் செய்த பணி அது. மூன்றாமாண்டு மாணவர் முதலாமாண்டு மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் யாப்பையோ உரைநடைப் பாடத்தையோ சொல்லலாம். ஆசிரியர் ஒருவர் அதனைக் கேட்கலாம். வாய்ப்பு விடியலில் தோட்டத்தில் நிற்கக்கூடியவருக்கு மட்டும் வாய்க்காமல், விண்ணப்பித்த எல்லோருக்கும் முறைவைத்து அமையவேண்டும். நகரத்தில் வாடகைக்குத் தங்கி மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவரால் ஊதியமற்ற பயிற்சியில் சேர முடியாது. பிள்ளையின் இல்லத்தில் உணவு ஏற்பாடு எவ்வளவு தீர்மானகரமானதாக இருந்ததோ அவ்வளவு தீர்மானகரமானது இன்று உதவித்தொகை.

முன்சீப் கேட்ட கேள்வி

பணியேற்று ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆன நிலையில், 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். என்ன படித்திருக்கிறீர் என்னும் வினாவுக்கு அவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் எனத் தம் கல்வியை அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. இவற்றால் ஆவதென்ன என்னும் பொருள்படக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினார். இச்சந்திப்பு தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாகப் பலமுறை எழுதப்பட்டுள்ளது. 1887 இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் வித்து இதுவே என்பதில் ஐயமில்லை.

பயிற்சிக்காலம் பற்றிய ஆய்வுக்கு இக்காட்சி வேறு வகையில் இன்றியமையாதது. ஒன்பதாண்டுப் பயிற்சி, மூன்று பெரிய வழிகாட்டிகள், இரு சாவிகளால் திறந்த இருக்கை ஆகிய எல்லாவற்றையும் பெற்ற ஒருவரின் கல்வியில் இருந்த பெரும் வெற்றிடம் ஒரு நீதித்துறை அலுவலரின் வினாவால் வெளிப்படுகிறது. மடத்தின் பாடத்திட்டத்தில் சிந்தாமணிக்கு இடமில்லை. போவர் பாதிரியார் 1868 இலேயே நாமகள் இலம்பகத்தைக் கல்லூரி மாணவர்களுக்காக அச்சிட்டிருந்தார். அரசுக் கல்வியின் பாடத்திட்டம் மடத்தின் எல்லையைத் தாண்டி ஏற்கெனவே ஓரடி வைத்திருந்தது. அதற்கு ஆயத்தம் செய்த வழிகாட்டிகளின் பார்வை அவ்வடியைக் காணவில்லை. எத்துணைச் சிறந்த வழிகாட்டியும் தாம் அறிந்த உலகத்திற்கே மாணவரை ஆயத்தம் செய்வார். பிள்ளையின் மேதைமையைக் குறைப்பதாக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. வழிகாட்டியின் மேல் மட்டும் சாய்ந்த பயிற்சிமுறையின் உள்ளார்ந்த எல்லை இது.

அதன்பின் சாமிநாதையர் செய்தது இன்னும் சுவையானது. சிந்தாமணியின் சமணக் கருத்துகள் விளங்காமையால் கும்பகோணத்துச் சைனர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் அமர்ந்து கேட்டார். அரசுக் கல்லூரியின் பண்டிதர், எந்த நிறுவனத்திலும் ஆசிரியராக இல்லாத இல்லறத்தாரிடம் மாணவராகிறார். தோட்டத்தில் தளிர்களை எண்ணிய அதே பொறுமை இங்கும் இயங்குகிறது. இம்முறை வழிகாட்டி எவரும் அவரை அனுப்பவில்லை. பாடம் சொல்லும் கடமையும் முன்சீபின் வினாவும் அனுப்பின. பணியில் அமர்ந்தபின் தொடங்கும் இக்கல்விக்குப் பணிக்கு முன் பெற்ற பயிற்சி எவ்வளவு துணைநின்றது, எவ்வளவு தடையாக நின்றது என்பதைச் சிந்தாமணிப் பதிப்பின் முகவுரையையும் ‘என் சரித்திர’த்தின் இப்பகுதிகளையும் இணைத்துப் படிக்கும்போது மேலும் விரிவாகக் காணலாம்.

தன்வரலாற்றின் வடிவத்தைப் பற்றிய ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. தம் ஆசிரியருக்கு இரு பாகங்களில் வரலாறு எழுதிய சாமிநாதையர், தியாகராச செட்டியாருக்கும் தனி நூல் எழுதினார். இருக்கையைத் தமக்கு அளித்தவரின் வாழ்க்கை அவ்வாறு முழுமையாகப் பதிவாயிற்று. 1903 இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 இல் ஓய்வு பெற்றார். ‘என் சரித்திரம்’ மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த 1898 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தோடு நின்றுவிடுகிறது. கும்பகோணத்தின் அந்த நாற்காலியைவிட்டு அவர் எழுந்த நாள் நூலுக்குள் வருவதில்லை. பெற்றுக்கொண்ட கதை சிறு சிறு விவரங்களோடு 85 வயது முதியவரின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. கொடுத்த கதையை எழுதும் அத்தியாயங்களுக்கு முன்பே 1942 ஏப்ரலில் அவர் மறைந்தார்.